எட்டும் ஒன்பதும் வராத எண்கள்

ஸ்ரீராம்புரத்தில் கோவிந்தப்பா வீட்டு மாடியில் குடியிருந்த இளவேனிலுக்கு, காலை வேளையில் கீழ்வீட்டு டெலிபோன் மணி அடித்தாலே வயிறு எரியத் தொடங்கிவிடும். மணி நின்ற கையோடு கோவிந்தப்பாவின் குரல் படியேறி வரும்.

"சுந்தரேசன் சார், ஃபேக்டரி ஃபோனு. டோரீன் மேடம்."

அந்தச் சந்தில் டெலிபோன் வைத்திருந்தவர் வீட்டுச் சொந்தக்காரர் கோவிந்தப்பா ஒருவர்தான். கன்னடக்காரர். குடித்தனக்காரர்களோடு தமிழ்தான் பேசுவார். அவர் குரல் கேட்டதும் இளவேனிலின் கணவர் சுந்தரேசன் போட்டது போட்டபடி எழுந்துவிடுவார். தட்டில் தோசை பாதி கிடக்கும். கையை உதறிக்கொண்டு போகிறவர், கதவோரக் கண்ணாடியில் தலைமுடியை ஒரு தடவை ஒதுக்கிவிட்டுத்தான் இறங்குவார். டெலிபோனில் தலைமுடி தெரியப் போகிறதா என்று இளவேனில் மனசுக்குள் கேட்டுக்கொள்வாள்.

கீழே அவர் பேசுவது மாடிக்குத் தெளிவாகக் கேட்கும்.

"ஸீரோ ஒன் சிக்ஸ், செவன் ஸீரோ ஒன். போட்டாச்சா? அடுத்தது ஸீரோ ஒன் டூ, செவன் ஸீரோ டூ. மெதுவாப் போடு டோரீன். அவசரமே இல்ல."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சுந்தரேசன் அவளிடம் அவசரமே இல்லை என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. காபி உடனே வேண்டும், இஸ்திரி போட்ட சட்டை உடனே வேண்டும். யாரோ ஒருத்திக்கு மட்டும் உலகத்தில் இருக்கிற நேரமெல்லாம் இருந்தது.

இது தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்று மூன்று வாக்கில். சுந்தரேசன் ராஜாஜிநகர் தொழிற்பேட்டையில் இயந்திர பாகங்கள் கடையும் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தார். அங்கே பீரோ அளவில் பழைய மினி கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. வெளிநாட்டில் யாரோ தள்ளிவிட்டதை வாங்கிக்கொண்டு வந்தது. லேத் மிஷின்கள் எந்தப் பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காகித டேப்பில் ஓட்டையாகக் குத்திக் கொடுப்பது அதன் வேலை. காலை ஷிஃப்டில் டோரீன், மத்தியானத்துக்கு மேல் சுந்தரேசன். காலையில் கம்ப்யூட்டர் எழுந்திருக்க மறுத்தால் டோரீன் ஃபோன் செய்வாள்.

இளவேனில் பி.யு.சி.யில் பௌதிகம் படித்துத் தேறியவள். பாலிடெக்னிக்கில் சேர விண்ணப்பம் வாங்கி வைத்திருந்த சமயத்தில்தான் சுந்தரேசனின் ஜாதகம் வந்தது. அதனால் அவளுக்குக் கேட்கத் தெரிந்த கேள்விகள் இருந்தன. ஒரு நாள் கேட்டாள்.

"தினமும் அந்த நம்பரை எதுக்குச் சொல்றீங்க?"

சுந்தரேசனுக்கு அந்த மிஷினைப் பற்றிப் பேசுவதென்றால் தனி உற்சாகம். "பவர் போட்டதும் அதுக்கு ஒண்ணுமே தெரியாது. ப்ரோக்ராம் எல்லாம் டேப்ல இருக்கு. டேப்பை எப்படிப் படிக்கிறதுன்னு அதுக்கு யாராவது சொல்லணும்ல? அந்த விவரமும் டேப்லயே இருந்தா அதை எப்படிப் படிக்கும்? அதனால அந்தச் சின்ன ப்ரோக்ராமை மட்டும் நாம கையால போடணும். முன்னால வரிசையா சுவிட்ச் இருக்கு. மேல கீழ தள்ளி ஒவ்வொரு நம்பரா உள்ள போட்டுட்டு ஸ்டார்ட்டை அழுத்தினா டேப் ஓட ஆரம்பிச்சுடும். மிச்சத்தை அதுவே படிச்சுக்கும்."

"ஒரு தரம் போட்டா போதாதா?"

"கரண்ட் தடுமாறினா போயிடும். இல்ல, வேற ப்ரோக்ராம் ஒண்ணு கோணலா ஓடி அது மேலயே எழுதிட்டாலும் போச்சு."

"அப்ப நம்பரை ஒரு பேப்பர்ல எழுதி அந்தப் பொண்ணுகிட்ட குடுத்துட வேண்டியதுதானே."

சுந்தரேசன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எழுதி வெச்சா யாரு வேணாலும் போட்டுடுவாங்க. அப்புறம் நான் எதுக்கு அங்கே?"

அந்தப் பதிலை அவள் நம்பவில்லை. ஃபோன் வர வேண்டும் என்பதற்காகத்தான் எழுதிக் கொடுக்கவில்லை என்று முடிவு செய்துகொண்டாள். யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் அவள் மனசு அப்போது யோசிக்கிற நிலையில் இல்லை.

அதற்குப் பிறகு மணி அடித்தால், அரிசி முறத்தை எடுத்துக்கொண்டு படிக்கட்டின் மேல்படியில் உட்கார்ந்துவிடுவாள். கல் பொறுக்குவதுபோலக் கை அளைந்துகொண்டிருக்கும், காது கீழே இருக்கும். எண்களுக்கு நடுவே ரகசியமாக ஏதாவது வார்த்தை வருகிறதா என்று முதலில் கவனித்தாள். வரவில்லை. அப்படியானால் எண்களே ரகசியமாக இருக்கலாம் என்று தோன்றியது. ஒரு நாளைக்கு ஒரு மாதிரி மாறினால் கண்டுபிடித்துவிடலாம் என்று அவற்றை மனசில் வரிசையாக ஏற்றிக்கொண்டாள். பாத்திரம் தேய்க்கும்போது உதடு தானாக முணுமுணுக்கும். ஒரு விஷயம் அவளுக்கு வினோதமாகப் பட்டது. அத்தனை எண்களில் எட்டு வரவில்லை, ஒன்பதும் வரவில்லை. ஏழோடு எல்லாம் நின்றுபோயின. எண்களில்கூட அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் ஒரு தனிக் கணக்கு இருக்கிறது என்று அதற்கும் சேர்த்து எரிந்தாள்.

எண்கள் ஒரு நாளும் மாறவில்லை. அதில் அவள் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். ஆனால் "ஒன் ஒன் சிக்ஸ், ஒன் சிக்ஸ் டூ" வருகிற இடத்தில் சுந்தரேசன் தவறாமல் "இதுதான் கொஞ்சம் முரண்டு பிடிக்கிற ஆளு" என்பார். அந்தப் பக்கம் அவள் சிரிப்பாள் போலிருக்கிறது. இவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பு வருவதற்கு முந்தைய எண்ணிலேயே இளவேனிலின் விரல்கள் அரிசியை இறுக்கிப் பிடித்துவிடும்.

"டோரீன் பாக்க எப்படி இருப்பா?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"இருப்பா, எல்லாரும் மாதிரி," என்றார் சுந்தரேசன் பேப்பரிலிருந்து தலை எடுக்காமல்.

எல்லாரும் மாதிரி இருப்பவளுக்காக யாரும் தலைமுடியை ஒதுக்கிக்கொள்வதில்லை.

மழைக்காலத்தில் சுந்தரேசனுக்கு டைஃபாய்டு வந்தது. காய்ச்சல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. மாத்திரை போட்டால் பிணம்போலத் தூங்குவார். அப்படித் தூங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் கீழே மணி அடித்தது.

"அம்மா, ஃபேக்டரி ஃபோனு," என்றார் கோவிந்தப்பா.

இளவேனில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். படுத்த படுக்கையாகக் கிடக்கிற மனுஷனை எழுப்பக் கூப்பிடுகிறாயே, உனக்கு மனசாட்சி இருக்கிறதா என்று கேட்கிற வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ரிசீவரை எடுத்தால் ஆண் குரல்.

"நான் புரொடக்‌ஷன் மேனேஜர் வெங்கடகிருஷ்ணன் பேசறேன்மா. சுந்தரேசனுக்கு எப்படி இருக்கு? ஒரு ரெண்டு நிமிஷம் பேச முடியுமா? மிஷின் படுத்துடுச்சு. டோரீன் தங்கச்சி கல்யாணத்துக்கு கே.ஜி.எஃப். போயிருக்கா. இங்க யாருக்கும் அந்த நம்பர் தெரியல. லேத் எல்லாம் சும்மா நிக்குது."

அவரை எழுப்பிக் கைத்தாங்கலாகக் கீழே கொண்டுவந்திருக்கலாம். அவர் வந்திருப்பார், ஊர்ந்தாவது வந்திருப்பார். அது தெரிந்ததனாலேயே அவள் எழுப்பவில்லை.

"அவர் தூங்கறாரு சார். நம்பர்தானே, நான் சொல்றேன்."

"எழுதி வெச்சிருக்காராம்மா?"

"இல்ல சார். எனக்குத் தெரியும். சுவிட்ச்கிட்ட ஆள் இருக்காங்களா?"

"நிக்கறாங்க. சொல்லுங்க."

"முதல்ல வர்றது இடத்தோட நம்பர். அதைப் போட்டு லோட் அட்ரஸ் அழுத்தணும். அப்புறம் வர்றதெல்லாம் டெபாசிட்." கணவரின் வாயிலிருந்து கேட்டதை அப்படியே சொன்னாள். டெபாசிட் என்றால் அவளுக்கு பேங்க்தான் தெரியும். பிறகு எண்கள். கண்ணை மூடிக்கொண்டு, படிக்கட்டில் கேட்ட அதே வரிசையில், அதே நிறுத்தங்களோடு சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல மேனேஜர் யாருக்கோ உரக்கத் திருப்பிச் சொன்னார். நடுவே அவர் தடுமாறியபோது, "மெதுவாப் போடச் சொல்லுங்க சார், அவசரமே இல்ல," என்றாள்.

கடைசி எண் போனதும் ரிசீவருக்குள் தையல் மிஷின் ஓடுவதுபோலப் படபடவென்று ஒரு சத்தம் கேட்டது. டேப் ஓடும் சத்தம்.

"ஓடுதும்மா," என்றார் வெங்கடகிருஷ்ணன். "பிழைச்சோம்."

அவர் வைத்த பிறகும் இளவேனில் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோவிந்தப்பா தலையை நீட்டி, "ஆய்த்தா, முடிஞ்சுதா?" என்று கேட்டபோதுதான் வைத்தாள். மாடிப்படி ஏறும்போது டேப் ஓடிய சத்தம் காதிலேயே சுகமாக நின்றது. இந்தச் சுகத்தைத்தான் இந்த மனுஷர் தினமும் காலையில் தனியாக அனுபவித்துக்கொண்டிருந்தார் என்று நினைத்ததும் சுகம் போய், பழைய எரிச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது. முன்பு ஒருத்தி மேல் இருந்தது. இப்போது அவர் மேலும் இருந்தது.

சுந்தரேசனுக்கு விஷயம் கோவிந்தப்பா மூலமாகத் தெரிந்தது. நலம் விசாரிக்க வந்தவர், "உங்க வீட்டம்மா சக்கத்தா, ரொம்ப நல்லாச் சொன்னாங்க சார், ஒரு நம்பர் தப்பில்ல," என்று பாராட்டிவிட்டுப் போனார்.

சுந்தரேசன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். படுத்தபடியே கேட்டார். "எத்தனை நாளா ஒட்டுக் கேக்கறே?"

"ஒட்டுக் கேக்கணுமா? நீங்க சொல்றது தெருக்கோடி வரைக்கும் கேக்குது."

"என்னை எழுப்பியிருக்கலாம்ல?"

"டாக்டர் எழுப்பக் கூடாதுன்னாரு."

"டாக்டர் சொன்னாரா, நீயா சொல்றியா?" என்றார். கஞ்சியை அவர் தொடவில்லை. தன் நகையை அடுத்த வீட்டுக்காரி போட்டுக்கொண்டு திரிவதைக் கண்டவர்போல முகம் இறுகியிருந்தது.

அந்த ஒரு நாள் லேத்கள் நின்றது வெங்கடகிருஷ்ணனைப் பயமுறுத்திவிட்டது. கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த சாமான்களில் ஒரு டையோடு கார்டு வெகு காலமாக டிராயரில் கிடந்தது. அதில் எண்களை ஒரு தடவை பதித்து உள்ளே சொருகிவிட்டால், அப்புறம் கையால் போட வேண்டியதில்லை, ஒரு பட்டன் போதும். டோரீன் அதைச் செய்யத் தெரிந்தவள். எண்களைச் சொல்ல ஆள் வேண்டும். வெங்கடகிருஷ்ணன் மறுபடி ஃபோன் செய்தார். "நான் வந்து பாத்துக்கறேன், யாரும் அதுல கை வைக்க வேண்டாம்னு சொல்லிடு," என்று சுந்தரேசன் படுக்கையில் இருந்தபடி சொல்லி அனுப்பினார்.

இளவேனில் கீழே போய் ரிசீவரை எடுத்து, "அவருக்கு இன்னும் எழுந்து நடக்க முடியல சார். மெடிக்கல் சர்டிஃபிகேட் குடுக்க நானே வரணும். அப்ப நம்பரையும் சொல்லிட்டுப் போறேன்," என்றாள். சர்டிஃபிகேட்டைத் தபாலில் அனுப்பியிருக்கலாம். அவளுக்கு டோரீனைப் பார்க்க வேண்டியிருந்தது.

வீட்டில் இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். கம்ப்யூட்டர் அறையில் ஏ.சி. குளிர். மேஜை விளக்கின் கீழே ஒருத்தி குனிந்து உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்தபோது, இளவேனில் இத்தனை நாளாக மனசில் வரைந்து வைத்திருந்த முகத்தைவிட நன்றாக இருந்தாள். நெற்றி, மூக்கு, கழுத்து எல்லாம் அளவெடுத்தாற்போல. பூசிக்கொள்ளாத முகம். விரல் நுனிகளில் மட்டும் பழைய சூட்டுத் தழும்புகள்.

"வாங்க மேடம். சாருக்கு எப்படி இருக்கு?" குரல் கொஞ்சம் கரகரப்பு. "உக்காருங்க. பயந்துடாதீங்க, சுலபமான வேலைதான்."

பயப்படவில்லை என்பதுபோல இளவேனில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

டோரீன் முன்னால் இருந்த கார்டு சாப்பாட்டுத் தட்டு அளவு இருந்தது. அதில் வரிசை வரிசையாக, அரிசி மணி போன்ற கண்ணாடி டையோடுகள். ஒரு வரிசைக்கு ஒரு எண் என்றாள் டோரீன். டையோடு இருக்கும் இடம் ஒன்று. வெட்டி எடுத்த இடம் பூஜ்யம். இப்போது எல்லா இடத்திலும் டையோடு இருக்கிறது. வேண்டாததை வெட்டிக்கொண்டே போக வேண்டும். பட்டனை அழுத்தும்போது மிஷின் இந்த வரிசைகளைத் தன் ஞாபகத்தில் உள்ளதுபோலவே ஒவ்வொன்றாகப் படித்துக்கொள்ளும். மின்சாரம் போனாலும் இது அழியாது, ஏனென்றால் இது எழுதி வைத்தது இல்லை, வெட்டி வைத்தது.

"வெறும் கம்பியை வெச்சா ஆகாதா?" என்று கேட்டாள் இளவேனில். கேட்டுவிட்டு, ஏன் கேட்டோம் என்று இருந்தது.

டோரீன் அவளைப் புதிதாகப் பார்த்தாள். "கம்பின்னா கரண்ட் ரெண்டு பக்கமும் போகும். ஒரு வரிசையைப் படிக்கும்போது பக்கத்து வரிசை வழியாச் சுத்தி வந்து குழப்பிடும். டையோடு ஒன் வே மாதிரி. வந்த வழியா திரும்பாது."

"நம்பர்ல எட்டும் ஒன்பதும் ஏன் வரல?"

டோரீன் எழுந்து மிஷினின் முகப்பைக் காட்டினாள். சுவிட்சுகள் மூன்று மூன்றாக நிறம் மாற்றி இருந்தன. "மூணு சுவிட்சுக்கு ஒரு இலக்கம். முதல் சுவிட்ச் நாலு, நடுவுல ரெண்டு, கடைசி ஒண்ணு. மூணையும் மேல வெச்சாக்கூட ஏழுதான் வரும். எட்டுக்கு இங்க இடமே கிடையாது."

இவ்வளவுதானா. இளவேனில் அத்தனை மாதம் படிக்கட்டில் உட்கார்ந்து எரிந்த ரகசியம் மூன்று சுவிட்சில் அடங்கிவிட்டது. அதை அவளுக்கு விளக்குவதற்கு இந்த அழகான பெண்ணுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

வேலை தொடங்கியது. இளவேனில் இலக்கங்களைச் சொன்னாள். டோரீன் சின்ன கட்டரால் வெட்டினாள். ஏழென்றால் மூன்றையும் விட்டுவிடுவாள். ஸீரோ என்றால் மூன்றும் போகும். ஐந்தென்றால் நடுவில் மட்டும் ஒரு சின்னச் சத்தம். அந்தக் கை தயங்கவே இல்லை. பக்கத்து டையோடில் உரசாமல் கால் நுனியை மட்டும் கவ்வி எடுத்தது. இளவேனில் தன் கைகளைப் பார்த்தாள். பாத்திரத் தூள் பட்டுத் தோலுரிந்த கைகள். இந்த நாற்காலியில் தான் உட்கார்ந்திருக்கலாம் என்று முதல் முறையாக நினைத்தாள். பாலிடெக்னிக் விண்ணப்பத்தை நிரப்பியிருந்தால், அந்த ஜாதகம் ஒரு வருஷம் தள்ளி வந்திருந்தால். புருஷன் அவள் நினைவிலேயே இல்லை. வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது இன்னதென்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

வெட்டினால் வெட்டியதுதான், அந்த ரக டையோடு ஸ்டோர்ஸில் வேறு இல்லை என்று டோரீன் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தாள். அடுத்துச் சொல்ல வேண்டிய எண், "ஒன் ஸீரோ ஸீரோ, த்ரீ செவன் சிக்ஸ்."

"ஒன் ஸீரோ ஸீரோ," என்றாள் இளவேனில். "த்ரீ. செவன். ஃபோர்."

கட்டர் இறங்கிப் பாதியில் நின்றது.

"சிக்ஸ் இல்ல?" என்றாள் டோரீன்.

இளவேனில் அவளைப் பார்த்தாள். டோரீன் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சொல்லியிருக்கக் கூடாததைச் சொல்லிவிட்டவளின் முகம்.

"உனக்குத் தெரியுமா?" மரியாதை தானாக உதிர்ந்துவிட்டது.

டோரீன் கட்டரைக் கீழே வைத்தாள். "மூணு தடவை கேட்டப்பவே மனசுல நின்னுடுச்சு. நிக்கலேன்னாலும் கவலையில்ல. ஒரு தடவை உள்ள போட்டதை மிஷினே லைட்ல திருப்பிக் காட்டும். யாரு வேணாலும் பாத்துக்கலாம்."

"அப்ப எதுக்கு ஃபோன் பண்றே?"

"ஆரம்பத்துல ஒரு நாள் நானே போட்டு ஓட்டிட்டேன். சார் மத்தியானம் வந்து பாத்தாரு. அன்னிக்குப் பூரா எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. மறுநாள் என்னை நைட் ஷிஃப்டுக்கு மாத்தணும்னு மேனேஜர்கிட்ட போயிட்டாரு. எங்கம்மாக்குக் கண்ணு சரியாத் தெரியாது. ராத்திரி அவங்களைத் தனியா விட முடியாது. அதனால அடுத்த நாள் காலையில, மறந்துபோச்சு சார், கொஞ்சம் சொல்லுங்கன்னு ஃபோன் பண்ணேன். அதோட ஷிஃப்ட் பேச்சு நின்னுபோச்சு." டோரீன் லேசாகச் சிரித்தாள். "அவர் மெதுவாப் போடுன்னு சொல்ற நேரத்துக்கு இங்க எல்லா நம்பரும் உள்ள போயிருக்கும். நான் டீ குடிச்சுக்கிட்டுக் கேட்டுட்டிருப்பேன்."

இளவேனிலுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு அவமானமும் வந்தது, கணவருக்காக. தான் திட்டலாம், இவள் சிரிக்கக் கூடாது என்று இருந்தது. தனக்கு இத்தனை வருஷத்தில் பிடிபடாத மனுஷரை இவள் ஒரு ஃபோனில் அடக்கி வைத்திருக்கிறாள் என்பது இன்னொரு குத்து.

"நீங்க ஏன் ஃபோர்னு சொன்னீங்க?" என்று கேட்டாள் டோரீன். "உங்களுக்கு அது தப்புன்னு தெரியும்."

"உன் கார்டு ஓடக் கூடாதுன்னுதான்."

டோரீன் அவளை நேராகப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று இளவேனில் எதிர்பார்த்தாள். டோரீன் கட்டரைக் கையில் எடுத்து, ஆறுக்கு வெட்டிவிட்டு, "சரி, அடுத்தது சொல்லு," என்றாள்.

கார்டு முதல் தடவையிலேயே ஓடியது.

சுந்தரேசன் உடம்பு தேறி வேலைக்குப் போனபோது மிஷினில் பட்டன் வந்துவிட்டிருந்தது. அவர் கையால் நம்பர் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறார். அதற்கு அவசியமே வரவில்லை. காலையில் ஃபோன் வருவதும் நின்றது. முழுத் தோசையையும் சாப்பிட்டுவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"நீ சொல்லாம இருந்திருந்தா இதெல்லாம் நடந்திருக்காது," என்றார் ஒரு நாள்.

"ஆமா," என்றாள் இளவேனில். டோரீன் சொன்னதை அவரிடம் சொல்லிவிட வாய் பல தடவை துறுதுறுத்தது. சொன்னால் அவர் நொறுங்கிவிடுவார் என்பதால் அடக்கிக்கொண்டாள். டோரீனுக்கு ஷிஃப்ட் போய்விடும் என்பதும் ஒரு காரணம். அதை அவள் தனக்குத்தானே ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்த வருஷம் டோரீன் அந்த வேலையை விட்டு, பீன்யாவில் எலெக்ட்ரானிக் போர்டு செய்யும் ஒரு புதிய கம்பெனிக்குப் போனாள். சில மாதங்கள் கழித்து ஒரு சாயங்காலம் கீழே மணி அடித்தது. ஞாயிற்றுக்கிழமை. கோவிந்தப்பா, "டோரீன் மேடம்," என்றார். சுந்தரேசன் தடதடவென்று இறங்கிப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"உனக்காம்," என்றார்.

கம்பெனிக்குப் பெண்கள் வேண்டும், நுணுக்க வேலை, கற்றுக்கொடுப்பார்கள், வருகிறாயா என்று கேட்டாள் டோரீன். இளவேனில் யோசிக்கவில்லை. மேலே வந்ததும் சுந்தரேசன் கேட்டார், "என்னவாம்? என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

"சௌக்கியமான்னு கேட்டா," என்றாள். டோரீன் கேட்கவில்லை.

வேலைக்குப் போவதை அவர் தடுக்கப் பார்த்தார். சமையல் என்ன ஆகும் என்றார், பஸ் கூட்டம் என்றார். கடைசியில், "அவகூடத்தான் வேலை செய்யணுமா, வேற இடமே இல்லையா?" என்றார். அந்தக் குரலில் இருந்தது என்னவென்று இளவேனிலுக்கு நன்றாகத் தெரியும். அவளுக்குள் அது வெகு நாள் குடியிருந்த பண்டம்.

பீன்யாவில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கான போர்டுகள் செய்தார்கள். ஒவ்வொரு போர்டிலும் சின்னக் கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சிப் வரும். வெளிச்சம் பட்டால் உள்ளே உள்ளது அழிந்துவிடும் என்பதால் ஜன்னல் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். போர்டு கண் விழித்ததும் முதலில் செய்ய வேண்டியது அதற்குள் இருக்கிறது என்று கேட்டபோது, தட்டு அளவு இருந்த அந்த டையோடு கார்டு இத்தனூண்டாகிவிட்டதே என்று இளவேனில் புரிந்துகொண்டாள். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. டோரீன் விளக்க வாயெடுப்பதற்கு முன்பே, "தெரியும்," என்றாள்.

ஆனால் ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங்கில் அவளால் டோரீனைத் தொட முடியவில்லை. டோரீன் வைத்த ஈயம் பாதரசத் துளிபோல மின்னும். அவள் வைத்தது சாம்பல் பூத்துக் கிடக்கும். சீக்கிரம் வந்து கழிவு போர்டுகளில் பழகினாள். விரல்கள் சுட்டன. சால்டரிங் இரும்பைச் சற்று முன்னாலேயே எடுத்துவிடுகிறோம் என்று கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டாள். அவளுடைய ஈயமும் மின்னத் தொடங்கிய சமயத்தில் டோரீனை லைன் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். இனி அவள் ஈயமே வைக்க வேண்டியதில்லை. இளவேனில் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

டோரீன் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பெஞ்சுக்கு அருகே வந்து நின்றாள். "மூஞ்சிய இப்படி வெச்சுக்கிட்டு இரும்பைப் பிடிக்காதே இளா. கையைச் சுட்டுக்குவே."

"சுட்டா சுடட்டும்."

"எனக்கு முன்னால நீ வந்திருந்தா உனக்குக் குடுத்திருப்பாங்க."

"அதைத்தான் நானும் நினைச்சிட்டிருக்கேன்," என்றாள் இளவேனில். டோரீன் சிரித்துவிட்டாள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் அன்றைக்கு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சாப்பிட்டார்கள்.

இதற்கிடையே ராஜாஜிநகர் தொழிற்சாலையில் லேத்களெல்லாம் புதிதாகி, பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டார்கள். சுந்தரேசனை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். சாயங்காலங்களில் மனைவி வேலைக் கதை சொல்லும்போது டோரீன் பெயர் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், வராவிட்டால், "அவ இன்னிக்கு வரலையா?" என்று கேட்பார்.

இரண்டாயிரத்து ஒன்றில் டோரீனின் அம்மா காலமானார். ஆஸ்திரேலியாவில் இருந்த அண்ணன் டோரீனைப் பெர்த்துக்குக் கூப்பிட்டுக்கொண்டார். வழியனுப்பக் கம்பெனியே விமான நிலையத்துக்குப் போயிற்று. இளவேனில் போகவில்லை. ஓவர்டைம் இருக்கிறது என்றாள். ஒருத்தி விமானத்தில் ஏறிப் போவதை நின்று பார்க்க அவளால் ஆகாது. டோரீனின் இடம் அவளுக்குக் கிடைத்தது. அது பறித்தது இல்லை, விட்டுப்போனது என்பது கொஞ்ச நாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

மூன்று கிறிஸ்துமஸ் கழித்து டோரீன் ஊருக்கு வந்தாள். உடம்பு கொஞ்சம் பெருத்திருந்தது. பீன்யாவுக்கு வந்து, லைனில் புதிதாக வந்திருந்த மிஷின்களையும் பெண்களையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பெர்த்தில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்வதாகச் சொன்னாள். குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது.

"நல்ல வேலைதான்," என்றாள். "ஆனா உன்னை இங்க பாக்கறப்ப வயித்தெரிச்சலா இருக்கு இளா."

இப்படி ஒரு வார்த்தையைத் தன்னிடம் யாராவது சொல்வார்கள் என்று இளவேனில் நினைத்ததே இல்லை. உள்ளே எங்கோ இனித்தது.

"ஒண்ணு வெச்சுப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள் டோரீன்.

இளவேனில் பெஞ்சில் இடம் கொடுத்து இரும்பை நீட்டினாள். டோரீன் குனிந்து, கையை நிதானப்படுத்திக்கொண்டு, ஒரு சிப்பின் காலில் ஈயம் வைத்தாள். ஊதிவிட்டு நகர்ந்துகொண்டாள். இளவேனில் பூதக்கண்ணாடியை இழுத்து வைத்துப் பார்த்தாள். ஓரத்தில் லேசாகச் சாம்பல் பூத்திருந்தது. ஒரு கணம் யோசித்துவிட்டு, அந்த போர்டை எடுத்துத் திரும்பச் செய்ய வேண்டியவை இருக்கும் தட்டில் போட்டாள்.

"பொல்லாதவ," என்றாள் டோரீன்.

"வா, கேன்டீன் மூடிடுவாங்க," என்றாள் இளவேனில்.